நாங்கள் ஒரே ஒரு டிக்கெட் வாங்கிய ஈஸ்டர்

வீட்டில் ஏழு நாளும் என்னோடு மல்லுக்கு நின்றாலும், தியேட்டரில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த என் அன்பான அத்தைக்கு, உங்கள் ஸ்டெல்லா எழுதுகிறேன்.

ஈஸ்டர் அன்று காலையில் கல்லறைக்கு வந்திருந்தோம். மெழுகுவத்தி ஏற்றினோம், செவ்வந்திப் பூ வைத்தோம். பேசத்தான் முடியவில்லை. பக்கத்திலேயே உங்கள் மகன் நின்றார். சினிமா டிக்கெட் விலைப் பேச்சை அங்கே ஆரம்பித்திருந்தால், “அம்மா இங்கயாவது நிம்மதியா இருக்கட்டும், வுடு” என்றிருப்பார். அதனால்தான், அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். தப்பு இருந்தால் வழக்கம்போலத் திட்டிக்கொள்ளுங்கள்.

அத்தை, எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஆள் தெரிந்தால் நேராகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்து தூங்கலாம், நாம் இரண்டு பேரும் செய்ததுபோல. இது ஆள் தெரியாத கோபம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உங்களைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் என்னைச் சினிமாப் பைத்தியம் என்று நினைப்பார்கள். பைத்தியம் நீங்கள்தான். நான் கூட வந்தவள். வியாழக்கிழமை நவநாள் செபத்துக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்குக் கோயில் வாசலில் மெழுகுவத்தியும் பூவும் விற்பீர்கள். அந்தக் காசில் வெள்ளிக்கிழமை மேட்னி. மழை வந்தாலும் ஜுரம் வந்தாலும் மேட்னி. காலையில் குழம்பில் புளி அதிகம் என்று என் அம்மா வீடு வரைக்கும் இழுத்துப் பேசியிருப்பீர்கள். விளக்கு அணைந்ததும் என் கை உங்கள் கைக்குள் போய்விடும். கதாநாயகி அழுதால் நீங்கள் அழுவீர்கள், நீங்கள் அழுதால் நான் அழுவேன். படம் விட்டு பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள், “ஏண்டி, அரிசியைக் களைஞ்சியா, அப்படியே போட்டியா?” என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவீர்கள். உலகத்தில் எந்த மாமியார் மருமகளுக்கு இப்படி மூன்று மணி நேரம் ராசி இருந்தது?

நம் விவேக் நகர் சந்துப் பெண்களுக்கு அந்தத் தவக்கால வழக்கத்தைக் கொண்டுவந்ததும் நீங்கள்தான். எல்லோரும் தவக்காலத்தில் கறியை விடுவார்கள். நீங்கள் சினிமாவை விட்டீர்கள். “கறி நமக்கு ஞாயித்துக்கெழமதான். அதை வுட்டா ஒறுத்தலா? எது இல்லாம வாரம் ஓடாதோ அதை வுடணும்” என்றீர்கள். ரெஜினா அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “சரி, நானும்” என்றார். தக்காளி வண்டி முனியக்கா நம் கோயில்காரி இல்லை. ஆனாலும் வந்து நின்றாள். “ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்தும்போது நீங்க எல்லாம் சொம்பு எடுத்துக்கினு வரீங்க இல்ல? அப்ப இதுல நானும் உண்டு” என்றாள். விபூதி புதனிலிருந்து ஈஸ்டர் வரை சந்தில் ஒருத்தியும் தியேட்டர் பக்கம் போக மாட்டாள்.

ஈஸ்டர் ஞாயிறு பூசைக்கும் பிரியாணிக்கும் சரியாகப் போகும். திங்கட்கிழமை விருந்தாளி. செவ்வாய்க்கிழமை நம் நாள். சந்தே காலியாகி ஒரு வரிசை முழுக்க நாம்தான். எந்தப் படம் என்றுகூடக் கேட்க மாட்டோம். அத்தனை நாள் பட்டினி கிடந்த கண்ணுக்கு எந்தப் படமும் நல்ல படம்தான்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் தவக்காலம் இது. விபூதி புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு ஃபாதர், “இந்த வருஷம் என்ன ஒறுத்தல் பண்ணப்போறீங்க?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ரெஜினா அக்கா சும்மா இருப்பாரா?

“ஃபாதர், போன ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு படம்கூடப் பாக்கல. அதையே அட்வான்ஸா வெச்சுக்குங்க.”

ஃபாதர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. விடுவதற்கு ஏதாவது கையில் இருந்தால்தானே விடலாம்? நம் பழைய தியேட்டர்தான் போன ஈஸ்டரோடு மூடிவிட்டதே. மிச்சம் இருப்பது மால் தியேட்டர்தான். அங்கே ஒரு டிக்கெட் என் ஒரு நாள் கூலியைத் தாண்டிப் போகிறது. பெரிய நடிகர் படம் என்றால் கேட்கவே வேண்டாம். எங்களுக்கு வருஷம் முழுக்கத் தவக்காலம் ஆகிவிட்டது, அத்தை. நாங்களாக எடுத்ததும் இல்லை, ஈஸ்டரோடு முடிவதும் இல்லை.

கூலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இப்போது கார்மென்ட்ஸில் இல்லை. நீங்கள் போன பிறகு மால் தியேட்டரில் ஹவுஸ் கீப்பிங்கில் சேர்ந்துவிட்டேன். சீருடை, தொப்பி, கழுத்தில் அட்டை எல்லாம் உண்டு. முதல் நாள் என்னைப் பார்த்த உங்கள் பேத்தி ஜெனி, “அம்மா, நீ தெனம் படம் பாக்கலாம்!” என்று குதித்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வேலை எப்படி என்றால், படம் முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் குப்பைப் பையோடு உள்ளே போய்க் கதவோரம் நிற்க வேண்டும். விளக்கு போட்டதும் ஓட வேண்டும். அடுத்த ஷோவுக்குள் எல்லா வரிசையும் துடைத்தாக வேண்டும். அதனால் எல்லாப் படத்தின் முடிவும் எனக்குத் தெரியும். ஆரம்பம் ஒன்றுகூடத் தெரியாது. யாரோ ஒருத்தன் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறான், எல்லோரும் அழுகிறார்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்கு எப்படி அழுவது?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. சனி, ஞாயிறு தவிர மற்ற நாளில் காலை ஷோவுக்கு ஆளே இருக்காது. அவ்வளவு பெரிய ஹாலில் மூலைக்கு ஒரு ஜோடி. சில நாள் அதுவும் இல்லை. ஆனாலும் எல்லா சீட்டையும் துடைக்க வேண்டும் என்பது ரூல். யாரும் உட்காராத சீட்டை நான் துடைக்கிறேன் அத்தை, நேற்று துடைத்ததையே இன்றும். அந்த சீட்டில் உட்கார ஆசைப்படுகிறவர்கள் அத்தனை பேரையும் எனக்குப் பெயரோடு தெரியும். துடைக்கும்போது இங்கே ரெஜினா அக்கா, இங்கே முனியக்கா, இந்த ஓரத்தில் நீங்கள் என்று நினைத்துக்கொள்வேன். கால் வலிக்கும் என்று நீங்கள் ஓர சீட்டுதானே கேட்பீர்கள்?

இந்த வருஷமும் ஈஸ்டர் செவ்வாய்க்கிழமை போகத்தான் வேண்டும் என்று ரெஜினா அக்கா சொன்னார். “செசிலியம்மா போன முதல் ஈஸ்டரு. இந்த ஒரு வாட்டி வுட்டோம்னா அப்புறம் ஆயுசுக்கும் வுட்டுடுவோம், பாத்துக்க.” அது எனக்கும் பயமாக இருந்தது. நீங்கள் போனதோடு உங்கள் செவ்வாய்க்கிழமையும் போய்விடுமோ என்ற பயம்.

குழாயடியில் எல்லோரும் கூடினோம். ஜெனி போனில் ரேட்டு பார்த்தாள். அவள் சொன்னதும் முனியக்கா, “ஒரு வரிசைக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல பெரீம்மா, ஒருத்தருக்கு.”

“ஒருத்தருக்கா! படம் பாத்துட்டு அந்த நாற்காலியை வூட்டுக்குத் தூக்கினு வந்துடலாமா?”

“அதுக்கு மேல கன்வீனியன்ஸ் ஃபீஸ்னு ஒண்ணு இருக்கு.”

“அது இன்னாடி?”

“போன்லயே புக் பண்றோம் இல்ல, அந்த வசதிக்கு.”

“யாருக்கு வசதி? டிக்கெட்டு எடுக்கிறது நீ, காசு அனுப்புறது நீ. வசதி அவனுக்கு, ஃபீஸு நமக்கா?” என்று ரெஜினா அக்கா குழாயைப் பார்த்துச் சத்தம் போட்டார், ஏதோ குழாய்தான் வசூல் பண்ணுவதுபோல. அதற்குள் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த உங்கள் மகன், “ரெண்டு மாசம் பொறுங்க, எல்லாம் போன்லயே வந்துடும்” என்றார். “நீ போன்லயே சோறு துன்னு, போ” என்றாள் முனியக்கா. உங்கள் மகன் என்பதற்காக நான் சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

மறுநாள் எங்கள் மேனேஜரிடம் போய் நின்றேன். ஹாசன் ஊர்ப் பக்கத்துக் கன்னடப் பையன், சின்ன வயசு, மரியாதையாகப் பேசுவார். செவ்வாய்க்கிழமை காலை ஷோவுக்கு எங்கள் சந்துப் பெண்கள் எல்லோரும் வருகிறோம், எப்படியும் காலியாக ஓடுகிற ஷோதானே, ரேட்டில் பார்த்துச் செய்யுங்கள் என்று கேட்டேன்.

“ஏன் மாடோது அக்கா?” என்று கன்னடத்தில் பெருமூச்சு விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். “என்ன செய்யச் சொல்றீங்க? ரேட்டு நம்ம கையில இல்ல. பாம்பேல ஃபிக்ஸ் பண்றாங்க, இங்க சிஸ்டம்ல வருது.”

“ஆளே இல்லாத ஷோவுக்கும் அதே ரேட்டா சார்?”

“அதே ரேட்டு. ஒரு டிக்கெட்டும் போகலன்னா ஷோ கேன்சல். ஒண்ணு போனாலும் ஓட்டியே ஆகணும். அதான் ரூல்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க வேணும்னா ஸ்டாஃப் பாஸ்ல ஒரு நாள் பாருங்க அக்கா. நீங்க மட்டும்” என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு மட்டும் ஒரு பாஸ் கிடைத்து நான் என்ன செய்ய? உங்கள் செவ்வாய்க்கிழமையில் நான் தனியாக உட்காரவா?

குழாயடியில் வந்து சொன்னேன். ரெஜினா அக்கா அந்த ரூலைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணு போனாலும் ஓட்டியே ஆகணுமா? அப்ப ஒரு டிக்கெட்டு வாங்குவோம். ஒருத்தி போவட்டும். பாத்துட்டு வந்து எல்லாருக்கும் கதை சொல்லட்டும். அவ்ளோ பெரிய மெஷினு நம்ம ஒரு டிக்கெட்டுக்காக ஓடட்டும், பாப்போம்!”

யார் போவது என்பதில் சண்டையே இல்லை. முனியக்காதான். அவள் தக்காளி நிறுத்துக்கொண்டே சண்டைக் காட்சியைச் சொல்லும்போது, வாங்க வந்தவர்கள் தராசுத் தட்டு படாமல் தப்பித்தது எத்தனை தரம்! ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். ஜெனி போனில் டிக்கெட் எடுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முனியக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவை, தலை கொள்ளாமல் மல்லிகைப் பூ. ரெஜினா அக்கா மால் வாசல் வரை கொண்டுவந்து விட்டார், கல்யாணப் பெண்ணை அனுப்புவதுபோல. இடைவேளையில் தின்ன முறுக்குப் பொட்டலம் கொடுத்திருந்தார். அதை வாசலிலேயே செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே விற்கிற சோளப்பொரியைத்தான் தின்ன வேண்டுமாம். அதன் விலையை நான் முனியக்காவிடம் சொல்லவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தவளை எதற்கு மயக்கம் போட வைக்க வேண்டும்?

அன்று எனக்கு அந்த ஸ்கிரீனில்தான் டியூட்டி. வேலைக்கு நடுவில் பின் கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தேன். அத்தனை சீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கொண்டை, மல்லிகைப் பூவோடு. ஏசி காற்றில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஏதோ தமாஷ் வந்தது. முனியக்கா அவள் வழக்கப்படி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் தொடையைத் தட்டக் கையை ஓங்கிவிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஓங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எவ்வளவோ தமாஷ் வந்திருக்கும். அவள் சத்தமே வரவில்லை.

இடைவேளையில் விளக்கு போட்டதும் உள்ளே ஓடினேன். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னா முனியக்கா, படம் எப்படி?”

“நான் போறேண்டி.”

“பாதிதான் ஆவுது. கதை சொல்லணுமே?”

“சிரிச்சா என் சத்தம் என் காதுலயே வந்து வுழுது. கல்யாண மண்டபத்துல எல்லாரும் போனப்புறம் குந்தினு கீற மாதிரி கீது. நீயாவது வந்து பக்கத்துல குந்தேன்.”

“கேமரா இருக்குக்கா. யூனிஃபார்ம்ல உக்காந்தா வேலை போயிடும்.”

“அப்ப நான் போறேன்.” படியில் இரண்டு அடி வைத்தவள் திரும்பி, “செசிலியம்மா இருந்தா இந்நேரம் இந்த ஹீரோவை நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கும். நான் திட்டலாம்னு பாத்தா, யார்கிட்டத் திட்டுறது?” என்றாள். கண் கலங்கியிருந்தது. படத்துக்காக இல்லை.

அவள் போய்விட்டாள். ஆனால் டிக்கெட் விற்ற ஷோ, ஓட்டியே ஆக வேண்டும். விளக்கு அணைந்தது. மிச்சப் படம் காலி ஹாலில் ஓடியது, அத்தை. பாட்டு ஓடியது, சண்டை ஓடியது, ஏசி ஓடியது. நான் கதவோரம் குப்பைப் பையோடு நின்றேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு முழுப் பாதியைப் பார்க்கும்படி எனக்குக் கிடைத்தது அன்று ஒரு நாள்தான். நான் பார்க்கவில்லை. வெளியே போய் வராந்தாவைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். உள்ளேயிருந்து சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

படம் முடிந்ததும் மேனேஜரிடம் போனேன். “சார், யாருமே இல்லாம பாதிப் படம் ஓட்டினீங்களே. அதுக்கு எங்க சந்துப் பொம்பளைங்களையே உக்கார வெச்சு, எங்களால முடிஞ்ச காசை வாங்கியிருக்கலாமே? உங்களுக்கு இன்னா நஷ்டம்?”

“எனக்கும் புரியுது அக்கா. எங்கம்மாவும் இங்க வந்து படம் பாத்ததில்ல. ரேட்டு கேட்டுட்டு வேணாம்னு சொல்லிட்டாங்க” என்றார். இவரோடும் சண்டை போட முடியாமல் போய்விட்டது. பாம்பேயில் இருக்கிறவர் யார்? அவருக்கு அம்மா இருக்கிறார்களா? அவர்கள் எங்கே படம் பார்ப்பார்கள்?

சாயங்காலம் குழாயடியில் எல்லோரும் கதைக்குக் காத்திருந்தார்கள். முனியக்கா இடைவேளை வரைக்கும் சொன்னாள், சுரத்தே இல்லாமல். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தினமும் துடைக்கப் போகிறவள், முடிவு எனக்குத் தெரியும். சொன்னேன். நடுவில்தான் ஒன்றும் இல்லை. கல்யாணம் நின்றுபோன பெண் கடைசியில் எப்படிப் போலீஸ் உடுப்பில் வந்தாள்? “அவ மாமன்காரன் படிக்க வெச்சிருப்பான்” என்றார் ரெஜினா அக்கா. “அந்தக் குடிகாரனா? அவன் எங்க படிக்க வெச்சான்?” என்று முனியக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஆளுக்கொரு கதை கட்டி அடித்துக்கொண்டதில், குடம் நிறைந்து வழிந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

உங்கள் மகன் பார்த்துவிட்டு, “பாத்தியா, படத்த வுட இதுதான் ஜோரு. காசும் மிச்சம்” என்றார்.

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குத்தான் சட்டென்று ஆத்திரம் வந்தது. எதற்காக நாங்கள் இல்லாத கதையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? இருக்கிற கதை அங்கே யாரும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, குழாயடியே போதும் என்று நாங்களே ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்? நாங்கள் சிரித்துக்கொள்வது எங்கள் சாமர்த்தியம். அதைத் தியேட்டர்காரர்களுக்குச் சாக்காகக் கொடுக்க முடியாது. இதை இப்படி அழகாகச் சொல்ல அன்று வரவில்லை. “ஒண்ணும் ஜோரு இல்ல, போங்க” என்றுதான் கத்தினேன். உங்கள் குரல் மாதிரியே இருந்தது என்று பிறகு ரெஜினா அக்கா சொன்னார்.

முனியக்காதான் என் பக்கம் பேசினாள். “சாயந்தரம் ஆனா நான் தக்காளி ரேட்டைக் கொறைக்கிறேன். ஏன்? நாளைக்கு அழுவிக் கெட்டுப்போயிடும். காலி சீட்டு நாளைக்கு வரிக்கும்கூடத் தாங்காது, படம் ஆரம்பிச்ச ஒடனே அழுவிப்போச்சு. அழுவுற சரக்கை வெச்சுக்கினு எவனாவது கறாரா நிப்பானா?”

“அவங்களுக்குத் தெரியணுமே” என்றேன்.

“எனக்கு எப்படித் தெரிஞ்சுது? நாலு பேரு வந்து ரேட்டு கேட்டுட்டு, வாங்காமப் போவாங்க. அப்பத்தான் தெரியும். வாங்க வந்தவ திரும்பிப் போறது கண்ணுல படணும்டி. நாம வூட்லயே குந்தினு ‘ஜாஸ்தி, ஜாஸ்தி’ன்னா அவனுக்கு இன்னா தெரியும்? நம்மளுக்கு சினிமா புடிக்கலன்னு நெனச்சுப்பான்.”

அதனால் அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தே கிளம்பி வந்தது, அத்தை. மாலுக்குள் டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் வரிசையாக நின்றார்கள், நம் பழைய தியேட்டரில் பெண்கள் வரிசையில் நின்றதுபோலவே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. நான் கொஞ்சம் தள்ளி மாப்பால் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ரெஜினா அக்கா.

“காலை ஷோவுல எத்தினி சீட்டுப்பா போயிருக்கு?”

“இன்னும் எதுவும் போகல மேடம்.”

“அப்ப எங்க எல்லாருக்கும் என்ன ரேட்டு போட்டுத் தருவே?”

“ஒரே ரேட்டுதான் மேடம்.”

“கட்டாதுப்பா. அடுத்த வாரம் வந்து கேக்கறேன்.” நகர்ந்துவிட்டார். அடுத்தவள் வந்து அதையே கேட்டாள், அதையே சொன்னாள், நகர்ந்தாள். முனியக்கா மட்டும், “கொசுறு உண்டா தம்பி?” என்று சேர்த்துக் கேட்டாள். கவுன்ட்டரில் இருந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருத்தியும் சத்தம் போடவில்லை, ஒருத்தியும் அழவில்லை. எல்லோரும் கேட்டார்கள், கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

செக்யூரிட்டி போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாக, “ஸ்டெல்லாக்கா, இவங்க யாரு? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? மேல இருந்து கேட்டா நான் பதில் சொல்லணும்” என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன், என் நல்லதுக்காக. ஜெனி ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வந்தது. வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. சந்துப் பெண்களும் என்னைத் தெரியாததுபோலத்தான் நின்றார்கள். என் வேலைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். முனியக்கா என் முகத்தைப் பார்க்காமல் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, “எங்க சந்து சார்” என்றேன். “டிக்கெட்டு வாங்க வந்தவங்க. நானும் அந்த வரிசையில நிக்க வேண்டியவதான். டியூட்டில இருக்கேன்.”

அவர் கவுன்ட்டர் பக்கம் போய், காலை ஷோ கணக்கை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு தன் ரூமுக்குப் போய்விட்டார். மேலே என்ன சொன்னார், சொன்னாரா இல்லையா, எனக்குத் தெரியாது. நாளைக்கு என் அட்டையைக் கழற்றித் தரச் சொன்னாலும் சொல்லலாம்.

அத்தை, அடுத்த ஈஸ்டருக்குள் டிக்கெட் விலை குறைந்துவிடும், ஒரு வரிசை முழுக்க நாங்கள் உட்காருவோம் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. என் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போய்க் கேட்போம். வேலை இருந்தால் மாப்போடு பக்கத்தில் நிற்பேன், வேலை போனால் வரிசையின் கடைசியில் நிற்பேன். யார் வந்து கேட்டாலும் இவர்கள் என் ஆட்கள் என்றுதான் சொல்வேன். இனிமேல் எங்களில் ஒருத்தியையும் தனியாக உள்ளே அனுப்ப மாட்டேன். போனால் எல்லோரும் போவோம்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு, உங்களோடும் சேர்த்து வாழ்ந்த உங்கள் ஒரே மருமகள்
ஸ்டெல்லா